வலுப்பயிற்சி தொடங்கியபின் தீராத சோர்வு: காரணத்தைக் கண்டறியும் வழி

"டாக்டர், உடம்புக்கு நல்லது என்றுதானே பயிற்சியைத் தொடங்கினேன். தொடங்கிய நாளிலிருந்து ஒரே அசதியாக இருக்கிறது." எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. நீரிழிவு உள்ளவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், மாரடைப்புக்குப் பின் தேறிவருபவர்கள் எனப் பலருக்கும் இன்று நடைப்பயிற்சியோடு தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறோம். வாரத்தில் குறைந்தது 2 நாட்களாவது உடலின் பெரிய தசைகள் அனைத்துக்கும் இத்தகைய பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இடம்பெற்றுள்ளது. டம்பெல் தூக்குவது மட்டும் வலுப்பயிற்சி அன்று. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வதும், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதும், ரப்பர் பட்டையை இழுப்பதும் வலுப்பயிற்சியே.

இவ்வாறு தொடங்கியவர்களுள் ஒரு பகுதியினர் மூன்று, நான்கு வாரங்களில் சோர்வோடு திரும்பி வருகின்றனர். வருமுன் அவர்கள் இரண்டு வகை அறிவுரைகளைக் கேட்டிருப்பார்கள். "போகப் போகப் பழகிவிடும்" என்பது ஒன்று. "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்பது மற்றொன்று. முதல் அறிவுரையைக் கேட்டவர் சோர்வைப் பொறுத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டுகிறார். இரண்டாவதைக் கேட்டவர் பயிற்சியையே விட்டுவிடுகிறார். சோர்வுக்குக் காரணம் என்ன என்று இருவருமே தேடுவதில்லை.

பயிற்சிக்குப் பின் வந்த சோர்வு, பயிற்சியால்தான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. உடலில் முன்பே இருந்த ஒரு குறை, அன்றாட வேலைகளின்போது வெளித்தெரியாமல் இருந்து, தசைகள் கூடுதல் ஆக்சிஜனையும் ஆற்றலையும் கேட்கும்போது முதன்முறையாகத் தலைகாட்டலாம். அவ்வாறாயின், பயிற்சி நமக்கு நேரத்தோடு ஓர் எச்சரிக்கை தந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இயல்பான சோர்வு எது?

பழக்கமில்லாத தசைகளுக்கு வேலை கொடுத்தால் மறுநாள் வலி வருவது இயற்கை. இந்த வலி பயிற்சி முடிந்த 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சத்தை அடைந்து, பின்னர் தானாகவே தணியும். வேலை செய்த தசைகளில் மட்டும் வலி இருக்கும், தொட்டால் நோகும், மெல்ல நடமாடினால் சற்றே இலகுவாகும். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் வழக்கத்தைவிட முன்னதாகவே தூக்கம் வருவதும் இயல்பே. ஓய்வு நாளுக்குப் பின் புத்துணர்வு திரும்புகிறதா, வாரந்தோறும் சோர்வு குறைகிறதா என்ற இரண்டையும் கவனியுங்கள். இரண்டுக்கும் "ஆம்" என்பதே விடையானால் அஞ்ச வேண்டியதில்லை.

ஓய்வெடுத்த பின்னும் நீங்காத சோர்வு, காலையில் எழும்போதே இருக்கும் சோர்வு, நான்கு வாரங்கள் கடந்தும் கூடிக்கொண்டே போகும் சோர்வு ஆகியவற்றுக்குக் காரணம் தேட வேண்டும்.

சோதனைக்கு முன் சில கேள்விகள்

சோர்வு என்றவுடன் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு, கற்றையாக முடிவுகளைக் கொண்டுவருவோர் பலர். நாங்களோ முதலில் கேள்விகளையே கேட்கிறோம். எந்தச் சோதனை தேவை என்பதைப் பெரும்பாலும் அவற்றின் விடைகளே காட்டிவிடும்.

சோர்வு உண்மையில் எப்போது தொடங்கியது? சற்று நினைவுபடுத்திப் பார்த்தால், பயிற்சிக்குப் பல மாதங்கள் முன்பே மாடிப்படி ஏறும்போது நின்று மூச்சுவாங்கியது பலருக்கு நினைவுக்கு வருகிறது.

சோர்வு என்று நீங்கள் குறிப்பிடுவது எதனை? தசையில் வலுவின்மையா, தூக்கக் கலக்கமா, மூச்சுத் திணறலா, எதிலும் நாட்டமின்மையா? தமிழில் இவை அனைத்தையும் "அசதி" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் மருத்துவத்தில் இந்நான்கும் நான்கு வெவ்வேறு திசைகளைக் காட்டுவன.

ஒரு நாளில் எந்நேரத்தில் மிகுதியாக இருக்கிறது? பயிற்சி நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் வேறுபாடு உண்டா? பயிற்சியோடு சேர்த்து வேறு எதை மாற்றினீர்கள்? உணவு, மருந்து, உறங்கும் நேரம், பணி நேரம் ஆகிய அனைத்தும் இக்கடைசிக் கேள்வியில் அடங்கும்.

பயிற்சியிலேயே உள்ள காரணங்கள்

வேகமாகக் கூட்டுவதே முதற்காரணம். தொடங்கிய ஆர்வத்தில் வாரத்தில் ஆறு நாட்கள் பயிற்சி செய்வோர் உண்டு. தசை வலுப்பெறுவது ஓய்வில்தான். தொடங்குபவர்களுக்கு வாரத்தில் 2 அல்லது 3 நாட்கள் போதும். ஒரே தசைத் தொகுதிக்கு இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். ஒவ்வொரு சுற்றையும், இன்னும் இரண்டு, மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். குறித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாக எளிதில் செய்ய முடிந்த பின்னரே எடையைக் கூட்ட வேண்டும். அப்போதும் 2 முதல் 10 விழுக்காட்டிற்குள் கூட்டினால் போதும்.

இரண்டாவது காரணம் உணவு. உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று பயிற்சியைத் தொடங்கும் அதே நாளில் இரவு உணவையும் நிறுத்திவிடுகின்றனர். செலவு கூடும்போது வரவைக் குறைத்தால் சோர்வைத் தவிர வேறென்ன மிஞ்சும்? எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் பசியே குறைந்துவிடுவதால் இது மேலும் எளிதாக நேர்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்குப் பரிந்துரைக்கும் புரதத்தின் அளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். வலுப்பயிற்சி செய்பவர்களுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படும். காலையில் இட்லியும் சட்னியும், நண்பகலில் சோறும் இரசமும், இரவில் தோசை என்று உண்பவருக்கு முதல் அளவே எட்டுவது கடினம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மி.லி. பாலில் சுமார் 6 கிராம், 30 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் செய்த சுண்டலில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. ஒவ்வொரு வேளையிலும் இவற்றுள் ஒன்றிரண்டு இடம்பெறட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது. புரத மாவுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது காரணம் உறக்கம். விடியற்காலை ஐந்து மணிப் பயிற்சிக்காக எழுபவர், இரவு பதினொன்றரை மணிவரை கைப்பேசியோடு இருந்தால், தசை தேறுவதற்கான நேரம் பறிபோகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. கோடையில் காற்றோட்டமில்லாத கூடத்தில் வியர்த்துக் கொட்டப் பயிற்சி செய்வோருக்கு நீரிழப்பும் சேர்ந்துகொள்ளும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்த நீர் போதவில்லை என்று பொருள்.

இவற்றைச் சரிசெய்து இரண்டு வாரங்கள் பாருங்கள். இதனால் மட்டுமே தெளிவடைவோர் பலர். தெளிவடையாதவர்களுக்கு அடுத்த படி உண்டு.

உடலில் ஒளிந்திருக்கும் காரணங்கள்

நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது இரத்த சோகை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இருந்தது. கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறைந்தாலும் அது இரத்த சோகையாகும். அளவு மெல்ல மெல்லக் குறையும்போது உடல் அதற்கேற்பப் பழகிக்கொள்வதால், 9 கிராமோடு வீட்டு வேலை முழுவதையும் செய்துகொண்டிருக்கும் பெண்களைக் காண்கிறோம். எடையைத் தூக்கும் நாளில்தான் அவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்து, இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருந்தாலும் சோர்வு வரலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இரும்புச்சத்துக் குறைவு என்பது முழுமையான விடை அன்று. இரும்பு ஏன் குறைந்தது என்பது அடுத்த கேள்வி. ஏழு நாட்களுக்கு மேல் நீடிக்கும் மாதவிடாய், கட்டி கட்டியாகப் போகும் உதிரம், மூலம், குடற்புண், கொக்கிப்புழு என எதுவும் காரணமாகலாம். தசைவலிக்காக மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலிநிவாரணிகளாலும் இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து குறைந்தால், உணவுக்குழாய் முதல் பெருங்குடல் வரை எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். குடல் புற்றுநோயின் முதல் அறிகுறி சிலருக்கு வெறும் சோர்வாகவே இருக்கும். இரும்பு மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று தேடலை நிறுத்தினால், குணப்படுத்தக்கூடிய காலம் கைநழுவிப் போகும்.

தைராய்டு சுரப்புக் குறைவில் சோர்வோடு மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுதல், தசைப்பிடிப்பு ஆகியவை சேர்ந்து வரும். வைட்டமின் பி12 குறைவு, புலால் உண்ணாதவர்களிடமும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுத்துவருபவர்களிடமும் மிகுதி. கால் மரத்துப்போவதும் நடையில் தள்ளாட்டமும் அதன் அடையாளங்கள். வைட்டமின் டி மிகவும் குறைந்தால் தொடையும் இடுப்பும் வலுவிழந்து, தரையிலிருந்து எழுவதே கடினமாகும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கலாம். அன்றிரவு உறக்கத்திலும் இறங்கலாம். வியர்வை, நடுக்கம், காலையில் தலைவலி ஆகியவை இருந்தால் மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கான பீட்டா தடுப்பு மருந்துகள் இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவதால் சிலருக்குப் பயிற்சியின்போது கால்கள் கனக்கும். கொலஸ்டிரால் மாத்திரையால் சிலருக்குத் தசைவலி வரும். இம்மருந்துகள் எதனையும் தாமாக நிறுத்தலாகாது. குறிப்பாகப் பீட்டா தடுப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது இதயத்திற்கு ஆபத்து.

உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும், பகலில் கண் சொருகுவதும் இருந்தால் அது உறக்க மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இழப்பு என்றால் காசநோய்ச் சோதனை தேவை. எதிலும் மகிழ்ச்சியற்ற நிலை நீடித்தால் மனச்சோர்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவும் மருத்துவத்தால் தீரும் நோயே. பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்கு இதயநோய், நெஞ்சுவலி இன்றி, வழக்கமான வேலையில் புதிதாகத் தோன்றும் சோர்வாகவும் மூச்சிரைப்பாகவும் வெளிப்படலாம்.

இன்னொரு வகையினரையும் குறிப்பிட வேண்டும். கோவிட் போன்ற தொற்றுக்குப் பின் சிலருக்கு, சிறு உழைப்புக்குக்கூட, ஓரிரு நாட்கள் கழித்துப் பெருஞ்சோர்வும் மூளை மந்தமும் வந்து பல நாட்கள் நீடிக்கும். இவர்களுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுவது நன்மைக்குப் பதிலாகத் தீங்கே செய்யும். இந்தப் போக்கு தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்.

சோதனைகளில் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலோருக்குச் சில எளிய சோதனைகளே தொடக்கத்தில் போதும். முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கால்சியம், கல்லீரல் நொதிகள், சிறுநீர்ச் சோதனை ஆகியவை அவை. பி12, வைட்டமின் டி, இ.சி.ஜி. முதலியன கேள்விகளின் விடைகளுக்கேற்பச் சேர்க்கப்படும்.

கடும் பயிற்சிக்கு மறுநாள் இரத்தம் கொடுத்தால் தசையிலிருந்து வரும் நொதிகள் கூடுதலாகக் காட்டி, கல்லீரல் நோயோ என்ற வீண் அச்சத்தை உண்டாக்கும். ஆகவே சோதனைக்கு முன் சில நாட்கள் கடும் பயிற்சியைத் தவிர்த்து, நீங்கள் பயிற்சி செய்பவர் என்பதையும் சொல்லிவிடுங்கள். முடி வளர்ச்சிக்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தைராய்டு முடிவு தவறாக வரலாம். அதையும் மறவாமல் கூறுங்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டி உண்மையான குறைவை மறைத்துவிடும். இரும்பு மாத்திரையைத் தாமாகத் தொடங்கிவிட்டுப் பின் சோதனைக்கு வருவதையும் தவிர்த்திடுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி
• மயக்கம், அல்லது கண் இருண்டு விழுதல்
• ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத் திணறல், தாறுமாறான இதயத் துடிப்பு
• கடும் தசைவலி, வீக்கத்தோடு சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் போதல்; சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை இது
• கருநிறத்தில் மலம், அல்லது மலத்தில் இரத்தம்

இவற்றுள் எதற்கும் புறநோயாளர் நேரத்திற்காகக் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராக வாருங்கள். தேவையெனில் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

காரணம் தெரியும்வரை பயிற்சி என்னாவது?

மேற்கண்ட அறிகுறிகள் இல்லாதவர்கள் பயிற்சியை அடியோடு விட வேண்டியதில்லை. எடையையும் சுற்றுகளையும் பாதியாகக் குறைத்து, வாரத்தில் இரண்டு நாட்கள் தொடரலாம். இரத்த சோகை மிகுதியாக இருந்தாலோ, இதயநோய் ஐயம் இருந்தாலோ மட்டும் முடிவு தெரியும்வரை நிறுத்தச் சொல்வோம். சிகிச்சை தொடங்கியபின் பொறுமை வேண்டும். இரும்பு மாத்திரையால் ஹீமோகுளோபின் மூன்று, நான்கு வாரங்களில் உயரத் தொடங்கினாலும், சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் மூன்று மாதங்கள் ஆகும். மாத்திரையோடு தேநீரும் காப்பியும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது. சோர்வு நீங்கிய வாரமே பழைய எடைக்குத் தாவாமல், முதல் நாள் தொடங்கியதுபோலவே மீண்டும் தொடங்குங்கள்.

உடனிருந்து கவனிப்போருக்கு

நோயாளி அறியாத சிலவற்றை நீங்கள் அறிவீர்கள். குறட்டையை அவரால் கேட்க முடியாது, நீங்கள் கேட்கிறீர்கள். முகம் வெளிறியதும், பேச்சு குறைந்ததும், தட்டில் உணவு மிஞ்சுவதும் உங்கள் கண்ணில்தான் முதலில் படும். ஆகவே முடிந்தால் உடன் வாருங்கள். வீட்டில் அனைவருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் எஞ்சியதை உண்ணும் தாயோ மனைவியோ "அசதியாக இருக்கிறது" என்று ஒருமுறை சொன்னால், அதற்குமுன் பலமுறை சொல்லாமல் விட்டிருப்பார் என்று கொள்ளுங்கள். "சோம்பல்" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து தவிர்த்திடுங்கள். அச்சொல்லுக்கு அஞ்சியே மருத்துவரிடம் வராமல் இருப்பவர்கள் உண்டு.

வரும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்றைக் கொண்டுவாருங்கள். பயிற்சி செய்த நாள், உறங்கிய நேரம், உண்ட உணவு, சோர்வின் அளவு 0 முதல் 10 வரை எவ்வளவு என்பவை ஒரு பழைய நோட்டில் நாளுக்கு ஒரு வரியாக இருந்தால் போதும். எடுத்துவரும் மருந்துகள், சத்து மாத்திரைகள், புரத மாவு அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அந்தப் பையிலும் அந்த இரண்டு வார வரிகளிலும் விடையின் பாதி பெரும்பாலும் கிடைத்துவிடும். மீதியைச் சேர்ந்து தேடுவோம்.